நீர்நாய்க்குப் போட்ட மாலை

எங்கள் ஊரில் கூத்து எப்படி இருந்தது என்று கேட்டால், அதை எத்தனை தரம் நிறுத்தினார்கள் என்பதுதான் பதிலாக வரும். கண்டக்குழியில் மாதா கோயில் திருநாளுக்குக் கூத்துப் போடுவார்கள். வேசம் கட்டியவன் மேடைக்கு வந்து முதல் பாட்டைத் தொடங்கியதும் அவன் வீட்டார் சும்மா இருக்கக் கூடாது. அப்பனோ மாமனோ மச்சானோ மாலையோடு மேடையேறி, அவனுடைய கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாலையைக் கழுத்தில் போட்டு, தோளில் ஒரு சால்வையும் போர்த்தி, கிரீடத்தைத் திரும்ப வைத்துவிட்டு இறங்கவேண்டும். அதுவரைக்கும் மத்தளம் நிற்கும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் ஓரமாக நின்று வெற்றிலை போட்டுக்கொள்வார். அரசன் சாகப்போகிற கட்டமாக இருந்தாலும், மாலை வந்தால் சாவு தள்ளிப்போகும். மாலை விழாதவன் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பிரயோசனமில்லை. ஆளில்லாதவன் என்று பெயர் வாங்கிவிடுவான்.

அப்பா ஒரு வருசம் காவலாளி வேசம் கட்டினார். தூதன் வந்திருக்கிறான் என்று அரசனுக்கு அறிவிப்பது மட்டும்தான் அவருடைய வேலை. அந்த ஒரு வரிக்கு ஒன்பது மாலை விழுந்தது. தூதன் உள்ளே வர அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. ஒன்பது மாலையோடும் அப்பா நிற்கிற படத்தைச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம் உண்டு. கொழும்பில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் மெதுவாகச் சிரித்திருக்கலாம்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அவளுடைய குரலைப் பற்றி நான் சொன்னால் தங்கச்சி சொல்கிறாள் என்பீர்கள். ஊரில் கேட்டுப்பாருங்கள். அவள் பூசையில் பாடத் தொடங்கினால், வெளியே மரத்தடியில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும் ஆம்பிளைகள்கூட உள்ளே வருவார்கள். சுவாமியார் பிரசங்கம் வைத்து முப்பது வருசமாகச் செய்யமுடியாத காரியம் அது. அவளுக்குப் பதினான்கு வயதில், திருநாளுக்கு வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரி அவள் பாடுவதைக் கேட்டார். கொழும்பில் தாங்கள் நடத்தும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோனார். படிப்பும், தங்கிச் சாப்பிடுகிற போடிங்கும் இலவசம். பள்ளிக்கூடத்தின் பெயர் எதற்கு, விடுங்கள்.

அக்கா போவதற்கு முன்னால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கார்ட்டூன் படம் சொந்தமாக இருந்தது. அம்மா வெளிநாட்டுக்காரர் தங்கும் லொட்ஜ் ஒன்றில் சமைத்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன டிஸ்க் அது. ஒரு குட்டி நீர்நாயின் கதை. அது வாழ்ந்த ஆறு ஒருநாள் வற்றிப்போகும். தண்ணீர் எங்கே போனது என்று தேடிக்கொண்டு அது தனியாக மலைக்கு ஏறும். வழியெல்லாம் பாட்டு. படம் இங்கிலீசில் இருந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு, நீர்நாய்க்கும் ஆமைக்கும் கழுகுக்கும் தானே தமிழில் கதைப்பாள், பாட்டுக்கும் தானே சொல் கட்டிப் பாடுவாள். நீர்நாய் என்றால் எனக்கு அக்காவின் குரல்தான். 

அந்த டிஸ்க்கில் ஒரு கீறல் இருந்தது. நீர்நாய் மலை உச்சிக்கு ஏறி, வானம்வரை எழும்பி நிற்கும் ஒரு கல் சுவருக்கு முன்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் படம் இறுகிவிடும். பற்பசை பூசித் துடைத்தோம். வாழைப்பழத் தோலால் தேய்த்தோம். ஒன்றுக்கும் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அக்காவைக் கேட்பேன். ஒருநாள் கடல் என்பாள், ஒருநாள் ராட்சதன் என்பாள், ஒருநாள் நீர்நாயின் அம்மா என்பாள். எது உண்மை என்று நான் அழுவேன். எல்லாம் உண்மைதான் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவாள். ஒன்பது வயதுவரைக்கும் என் வாழ்க்கையில் இருந்த ஒரே குறை அதுதான்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போடிங்கிலிருந்து தொலைபேசி எடுப்பாள். பக்கத்தில் ஒரு சிஸ்டர் நிற்பார், ஆகவே சுகமா, சாப்பிட்டீர்களா என்பதைத் தாண்டிக் கதை போகாது. போய் இரண்டாவது வருசம், அப்படியொரு ஞாயிறு அவள், பள்ளிக்கூடத்தில் அந்த நீர்நாய்ப் படத்தைப் பாட்டு நாடகமாக மேடையில் போடப்போகிறார்கள் என்றாள். வீட்டார் வந்து பார்க்கலாம் என்றாள். நீர்நாயின் பாட்டெல்லாம் தான்தான் பாடுகிறேன் என்றாள். மூன்றும் உண்மை. அப்பா அதை எல்லோரும் விளங்கிக்கொள்வது மாதிரியே விளங்கிக்கொண்டார். எங்கள் ஊரில் பாடுகிறவனே ஆடுவான், ஆடுகிறவனே பாடுவான். ஒருவர் ஆட இன்னொருவர் ஒளிந்து நின்று பாடுவார் என்று அவர் கேள்விப்பட்டதில்லை. நான் தொலைபேசியைப் பறித்து, கடைசிவரைக்கும் போடுவார்களா என்று கேட்டேன். கடைசிவரைக்கும் என்று சொன்னாள்.

அப்பாவுக்கு அன்றிலிருந்து கால் நிலத்தில் படவில்லை. மகளுக்கு நாய் வேசமா என்று கேட்டவர்களுக்கு, நாய் இல்லை, நீர்நாய், அந்தக் கதைக்கு அதுதான் ராசா என்று விளங்கப்படுத்தினார். புத்தளத்துக்குப் போய்ச் சரிகைக் கரை போட்ட சால்வை ஒன்று வாங்கிவந்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் அலுமாரியைத் திறந்து காட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இருந்த அரை மூடியையும் அப்பாவே கழற்றி எறிந்துவிட்டார்.

நாடகத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் அக்கா இரண்டு நாள் லீவில் வந்தாள். வந்தவுடனே அப்பா அலுமாரியைத் திறந்து சால்வையைக் காட்டினார். அக்காவின் முகம் ஏன் வாடிப்போனது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது ஒருதரம், அப்பா கிழிந்த வலையைப் பொத்தும்போது ஒருதரம், அவள் பக்கத்தில் போய் நின்று "அப்பா" என்றாள். அவர் நிமிர்ந்து, என்ன நீர்நாய் என்றார். இரண்டு தரமும் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

போகிற நாள் காலை அப்பா கடலுக்குப் போய்விட்டார். அம்மா பஸ்ஸில் சாப்பிடப் பாண் வாங்கக் கடைக்குள் போயிருந்தாள். பஸ் நிற்குமிடத்தில் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு. நான் மேடைக்கு வரமாட்டன். திரைக்குப் பின்னால நிண்டுதான் பாடுறன். நீர்நாயா ஆடுறது வேற பிள்ளை. அப்பாக்கு நீ சொல்லு. மாலை ஒண்டும் கொண்டுவர வேணாமெண்டும் சொல்லு. அங்க அப்படிச் செய்யிறதில்ல."

நீயே சொல்லேன் என்றேன். தனக்கு வாய் வருகுதில்லை என்றாள். அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள், அழுதால் அப்பாவுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய் நியாயம் கேட்பார். நான் சொன்னால் மட்டும்தான் அவர் சிரிப்பார். அது சரிதான், அந்த வயதில் நான் எதைச் சொன்னாலும் அப்பா சிரித்தார். வீட்டில் கோபம் வரக்கூடிய செய்தி எல்லாம் கடைசிப் பிள்ளையின் வாயால்தான் போகும். மண்ணெண்ணெய் முடிந்ததும், கோழி செத்ததும், அம்மாவின் தம்பி பணம் கேட்டு வந்ததும் நான் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரியும்.

ஆடுகிற பிள்ளையின் தகப்பன்தான் நாடகத்துக்கு வெளிச்சமும் உடுப்பும் செய்து கொடுக்கிறாராம். அந்தப் பிள்ளைக்குப் பாட வராது. அது வெளியே தெரியக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறாராம். அக்கா கடைசியாகச் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. 

"இது பிழைச்சா சிஸ்டர் என்னை அங்க வெச்சிருக்கமாட்டா. மறக்காமச் சொல்லுறியா?"

ஓம் என்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. மறந்ததாலும் இல்லை, பயத்தாலும் இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொல்லாமல் விட்டேன். ஒருநாள் கடலுக்குப் போகாமல், மூன்று பேருக்குப் பயணச் செலவு செய்து, ஊரான் பிள்ளை ஆடுவதைப் பார்க்க அப்பா எதற்குக் கொழும்புக்குப் போகப்போகிறார்? பயணம் நின்றுவிடும். பயணம் நின்றால் கல் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று சாகும்வரை எனக்குத் தெரியாது. ஒன்பது வயது மூளை இப்படிக் கணக்குப் போட்டது. இன்று நினைத்துப் பார்த்தால், அக்கா திரைக்குப் பின்னால் அல்ல, பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் நின்று பாடினாலும் அப்பா போயிருப்பார். மதிலோரம் குந்தியிருந்து கேட்டுவிட்டு, ஊருக்கு வந்து அதையும் பெருமையாகச் சொல்லியிருப்பார். என் அப்பாவை நான் அவ்வளவுதான் விளங்கி வைத்திருந்தேன்.

சொல்ல இடம் கிடைக்காமலும் இல்லை. ஒருநாள் அப்பா வலை பொத்திக்கொண்டிருந்தபோது போய் வாயைத் திறந்தேன். என்ன மகள் என்றார். கலர் பென்சில் வேணும் என்றேன். அடுத்த ஞாயிறு அக்கா தொலைபேசியில், சொன்னாயா என்று மட்டும் கேட்டாள். பக்கத்தில் சிஸ்டர் நின்றிருப்பார். ஓம் என்றேன். அவள் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சீனி களவெடுத்ததைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. இது பாவத்தில் சேருமென்று எனக்குத் தோன்றவில்லை.

போகிற நாள் விடியவே புறப்பட்டோம். அப்பா திருநாளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் வெள்ளைச் சாரமும் உடுத்திருந்தார். சிலாபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, த்ரீவீல் பிடித்து முன்னேஸ்வரத்துக்குப் போனோம். நாங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் மாலை என்றால் அந்தச் சிவன் கோயில் வாசலில் கட்டுகிற மாலைதான் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். அப்பா இருப்பதிலேயே தடித்த மாலையைக் கேட்டார். யாருக்கு, சுவாமிக்கா என்று பூக்காரர் கேட்டார். என்ட மூத்த மகளுக்கு என்றார் அப்பா. பூக்காரர் கலியாணம் என்று நினைத்து ஒரு சரம் மல்லிகையைக் கூடச் சேர்த்துக் கட்டினார்.

சிலாபத்திலிருந்து ரயில். ஈரமான வாழையிலையில் சுற்றிய மாலை அம்மாவின் மடியில் இருந்தது. நடுவில் ஒருதரம் அப்பா இலையை விலக்கி, மணந்து பார் என்று என்னிடம் நீட்டினார். மணந்து பார்த்தேன். அவ்வளவு நேரம் இருந்தது. ஒரு வசனம் போதும். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த மண்டபத்தைப் போல ஒன்றை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உள்ளே குளிர், மெத்தை போட்ட கதிரைகள், இங்கிலீசிலும் சிங்களத்திலும் மெல்லக் கதைக்கிற ஆட்கள். எங்களுக்குக் கடைசி வரிசைக்கு முன்வரிசை. வாசலில் ஒரு சிறு புத்தகம் தந்தார்கள். அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். நீர்நாய் என்ற இடத்தில் வேறொரு பிள்ளையின் பெயரும் படமும் அதில் இருந்தது. அக்காவின் பெயர் கடைசிப் பக்கத்தில், திரை தைத்தவரின் பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில் இருந்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரிந்திருந்தாலும் போதும்.

வெளிச்சம் அணைந்தது. பிள்ளைகள் நீலத் துணியை இரண்டு பக்கமும் பிடித்து அசைக்க, அது ஆறானது. அதன் நடுவிலிருந்து நீர்நாய் எழும்பி வந்தது. பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த பெரிய தலை, தோள்வரைக்கும் மூடியிருந்தது. உள்ளே இருப்பது யாரென்று பெற்ற தாயாலும் சொல்லமுடியாது. பாட்டுத் தொடங்கியது. அக்காவின் குரல். சொல் இங்கிலீசு, குரல் எங்கள் வீட்டுக் குரல். அம்மா என் முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா எனக்குச் சொன்னதெல்லாம் அந்த நிமிசம் எனக்கே பொய்யாகத் தெரிந்தது. அது அக்காதான் என்று நானும் நம்பினேன், அல்லது நம்ப ஆசைப்பட்டேன்.

அப்பா இலையைப் பிரித்து மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாம், இருங்கள் என்றேன். நான் வெட்கப்படுகிறேன் என்று அவர் நினைத்தார். குனிந்து என் காதுக்குள், தன் வாழ்நாளில் சொன்னதிலேயே அன்பான வார்த்தையைச் சொன்னார்.

"நம்மட பிள்ளைக்கு ஆளிருக்கெண்டு காட்டவேணாமா மகள்?"

அப்போதும் சொல்லியிருக்கலாம். அக்கா திரைக்குப் பின்னால் நிற்கிறாள் என்று சொன்னால் அவர் உட்கார்ந்திருப்பார். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதோடு, ஊரில் மாலை போட்டு முடிந்தால் கூத்து விட்ட இடத்திலிருந்து தொடங்கும். இங்கேயும் அப்படித்தானே தொடங்கும் என்று நினைத்தேன். சட்டையை விட்டேன்.

அவர் நடுவழியால் நிமிர்ந்து நடந்து போனார், ஒரு கையில் மாலை, தோளில் மடித்த சால்வை. வெள்ளைச் சாரத்தோடு ஒருவர் போவதைப் பார்த்து இதுவும் நாடகம்தான் என்று சிலர் கைதட்டினார்கள். அப்பா அவர்களுக்கும் தலையை அசைத்துவிட்டுப் போனார். பக்கத்துப் படியால் ஏறி நீர்நாய்க்கு முன்னால் நின்றார். உள்ளே இருந்த பிள்ளைக்குச் சின்னக் கண்ணோட்டையால் அவர் தெரிந்திருக்கமாட்டார். அது ஆடிக்கொண்டே இருந்தது. அப்பா மாலையைப் போட்டார். அது அந்தப் பெரிய காதுகளில் சிக்கிக்கொண்டது. அவர் பதறவில்லை. எத்தனை அரசர்களுக்கு மாலை போட்டவர். வழக்கப்படி இரண்டு கையாலும் பிடித்து, பிள்ளைக்கு நோகாமல், அந்தத் தலையைத் தூக்கிக் கழற்றினார்.

உள்ளே ஒரு வெள்ளைப் பிள்ளை நின்றது. வேர்த்துப்போயிருந்தது, வாய் மூடியிருந்தது. அக்காவின் குரல் பாடிக்கொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் நின்றவளுக்கு மேடையில் நடப்பது தெரியவில்லை. மூடிய வாய்க்கு மேலே அந்தப் பாட்டு இன்னும் ஒன்றரை வரி போனது. அந்த ஒன்றரை வரியை நான் எங்கே போனாலும் கேட்பேன். பிறகு யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும், நடுச்சொல்லில் நின்றது. மண்டபத்தில் எங்கேயோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடியது. அப்பா நீர்நாயின் தலையை நெஞ்சோடு அணைத்தபடி, குரல் வந்த பக்கம் இருட்டைப் பார்த்து, "மகள்?" என்று ஒருதரம் கூப்பிட்டார். திரையை இழுத்து மூடினார்கள்.

எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாடகத்துக்கு வெளிச்சம் கொடுத்தவரின் மனைவி இங்கிலீசில் பேசிக்கொண்டே வந்தார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் அந்த அம்மாவுக்கும், சிஸ்டருக்கும், வாசலில் நின்ற காவல்காரருக்கும் ஒரே மாதிரிச் சொறி சொறி என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டார். சிஸ்டர் சத்தம் போடவில்லை. நாடகம் முடியும்வரைக்கும் வெளியே இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். 

கால் மணித்தியாலத்தில் பாட்டுத் திரும்பத் தொடங்கியது. அக்காதான் பாடினாள். அப்படியொரு காரியம் நடந்த பிறகும் நீர்நாயின் மிச்சப் பாட்டெல்லாம் அவளே பாடி முடித்தாள், ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. நாங்கள் மூன்று பேரும் மரத்துக்குக் கீழே ஒரு நீள வாங்கில் உட்கார்ந்து மூடிய கதவுக்கூடாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் விக்கி விக்கி அழுதேன். கல் சுவர் கட்டம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, என்னால் பார்க்கமுடியவில்லை என்றுதான் அழுதேன். அம்மா என்னை இழுத்து மடியில் கிடத்தி, அப்பாக்காக அழாதே, அவருக்கு ஒன்றுமில்லை என்றாள். அப்பா என் தலையைத் தடவினார். அந்தத் தடவலையும் வாங்கிக்கொண்டு அழுதேன். இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

பொழுது சாய்கிற நேரம் அக்கா வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூட உடுப்போடு, முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். அப்பா எழும்பினார். ஏசவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஒரு சொல்லு முந்தியே சொல்லியிருக்கலாமே, மகள்."

அக்கா என்னைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுக்கவில்லை. நான் என் சப்பாத்தின் வாரைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"மறந்துபோனன் அப்பா."

அப்பா தலையை ஆட்டினார். சால்வையை அவளிடம் கொடுக்கவில்லை. அதை அவர் மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஊருக்குப் போனதும், எத்தனை மாலை விழுந்தது என்று கேட்டார்கள். ஒண்டுதான், ஆனா பெரிய மாலை என்றார் அப்பா. அடுத்த தவணைக்கு முன்னால் கடிதம் வந்தது. இன்னும் கஷ்டப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்களாம், ஆகவே அக்காவின் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறதாம். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அக்கா தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஊரில் அவள் படிக்கிற பாடத்துக்கு ஆசிரியர் இல்லை. கொஞ்சநாள் அம்மாவோடு லொட்ஜில் கோப்பை கழுவினாள், பிறகு சிலாபத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கோயிலில் பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்பாள். பல வருசமாகத் தொண்டை சரியில்லை.

அதைவிடக் கெட்டது ஒன்று நடந்தது. மறந்துபோனேன் என்பதை அப்பா நம்பவில்லை. அப்படியொரு விசயத்தை யாரும் மறப்பார்களா? சாரம் கட்டிய தகப்பனைப் பார்த்து மகளுக்கு வெட்கம் வந்துவிட்டது, வராமல் விடுவார்கள் என்றுதான் கடைசிவரைக்கும் உண்மையைச் சொல்லாமல் விட்டாள் என்று அவர் தனக்குள் முடிவு செய்துகொண்டார். இதை அம்மாவிடம் மட்டும் சொன்னார். அம்மா என்னிடம் சொன்னாள். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லவும் தேவையில்லை. அதற்குப் பிறகு அப்பா அவளோடு விருந்தாளியோடு கதைப்பது போலத்தான் கதைத்தார். வீட்டுக்கு வந்தால் கதிரையை இழுத்துப் போடுவார், ரயில் நேரம் விசாரிப்பார். அவள் பேரப்பிள்ளைகளைக் கொண்டுவந்து காட்டியபோதும் அப்படித்தான். என்னோடு சிரித்தார். நான் எதைச் சொன்னாலும் கடைசிவரைக்கும் சிரித்தார். அவர் போன வருசம் செத்துப்போனார். அதுவரைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குத் திரும்பி வருகிற ரயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் இருந்தேன். அழுது முடித்துவிட்டேன், பசித்தது, அம்மா தந்த பாணைச் சாப்பிட்டேன். என் மனதில் ஒரு பயம் மட்டும் மிச்சமிருந்தது. என்னிடம் சொல்லியனுப்பியதை அக்கா அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயம். வாசலில் நடந்ததைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். மறந்துபோனேன் என்று அவள் வாயாலேயே சொன்னாளே. பஸ் நிற்குமிடத்தில் என் கையைப் பிடித்து என்னவெல்லாம் சொன்னாள் என்பது அவளுக்கு ஞாபகம் இல்லை, சுத்தமாக மறந்துவிட்டாள். அக்காவுக்கு எப்போதுமே மறதி கூடத்தான் என்று நினைத்துக்கொண்டேன். தப்பிவிட்டேன் என்ற சந்தோசத்தில் அப்பாவின் தோளில் சாய்ந்து நன்றாக நித்திரை கொண்டேன்.